டிஸ்னி வேர்ல்டு போக எக்செல் ஷீட் எல்லாம் தேவையா?

சார்லட்_வாசி:
ஜூலைல ஆர்லாண்டோ போறோம். நான், வைஃப், பொண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு 4, கூடவே ஊர்லேருந்து வந்திருக்குற அப்பா அம்மா. டிஸ்னி வேர்ல்டுல இருக்குற பார்க்குல மேஜிக் கிங்டம் ஒரு நாள், அனிமல் கிங்டம் ஒரு நாள். வைஃப் யூட்யூப்பா பாத்துத் தள்ளி ஒரு எக்செல் ஷீட் போட்டு வச்சிருக்காங்க, 9:10க்கு இந்த ரைடு, 9:40க்கு அந்த ரைடு, பாத்ரூம் போறதுக்குக்கூட தனி கலர். லீவுக்குப் போறோமா இல்ல ஆடிட்டுக்குப் போறோமான்னே தெரியல. அங்க போயி பாத்துக்கலாம்னு சொன்னா "நீங்க பேசாம பெட்டி மட்டும் தூக்குங்க"ங்குறாங்க. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, இவ்ளோ பிளானிங் வொர்த்தா? (இந்த த்ரெட வீட்ல காட்டப் போறேன், பாத்து எழுதுங்க)

ரெண்டுவாலு_அம்மா:
முதல்ல உங்க வைஃப்புக்கு ஒரு பெரிய கும்பிடு. ஸ்கூல் லீவு டைம்ல மேஜிக் கிங்டத்துக்கு "போயி பாத்துக்கலாம்"னு போனீங்கன்னா முன்னாடி நிக்கிறவர் முதுகத்தான் பாத்துட்டு வருவீங்க. லைட்னிங் லேன் (பெரிய க்யூல நிக்காம ரைடுக்குப் போற தனி வழி) எடுக்கறதா இருந்தா டிஸ்னி ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு 7 நாள் முன்னாடி, வெளிய தங்குறவங்களுக்கு 3 நாள் முன்னாடி, காலைல 7 மணிக்கு புக்கிங் ஓப்பன் ஆகும், அன்னிக்கு மட்டும் அலாரம் வச்சு எழுந்துக்கோங்க. அது டிக்கெட் காசோட சேராது, தனிக் காசு.

இன்னொன்னு, கிளம்புறதுக்கு முன்னாடி பசங்க உயரத்த வீட்லயே அளந்துடுங்க. சில ரைடுக்கு குறைஞ்சபட்ச உயரம் இருக்கு: செவன் ட்வார்ஃப்ஸ் 38 இன்ச், ஸ்பேஸ் மவுண்டன் 44, ட்ரான் 48. அங்க போயி அளவுக் குச்சிக்குக் கீழ நின்னு 4 வயசு அழுக ஆரம்பிச்சா எந்த எக்செலும் காப்பாத்தாது. உங்களுக்கு ஒரு வசதி, தாத்தா பாட்டி கூட வர்றாங்க, பையனை அவங்ககிட்ட விட்டுட்டு மூணு பேரும் போலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

சும்மா_சுத்துறவன்:
மேல சொன்னவங்க காலை வரைக்கும் கரெக்ட். ஆனா 10 நிமிஷம் 10 நிமிஷமா போட்ட பிளான் ஃப்ளோரிடால ஜூலை மத்தியானத்தத் தாண்டாது பாஸ். வெயில் மண்டைய பொளக்கும், திடீர்னு இருட்டிக்கிட்டு இடி மழை கொட்டும், பக்கத்துல மின்னல் அடிச்சா வெளிய ஓடுற ரைடு பூரா நிறுத்திருவாங்க, அப்ப உங்க வைஃப் கையில ஷீட்ட வச்சுக்கிட்டு யாரைத் திட்டுவாங்க? உங்களைத்தான். என் கட்சி இது: கேட் திறக்குற நேரத்துலேருந்து சாப்பாடு வரைக்கும் கறாரா பிளான் போடுங்க, கூட்டம் கம்மியா இருக்குற நேரமே அதுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் போடாதீங்க. எங்க பையன் அவ்ளோ காசு கட்டி உள்ள போயி ஒரு வாத்து பின்னாடியே சுத்திக்கிட்டு இருந்தான், அவனை இழுத்துட்டு வந்து "டைம் ஆச்சு, அடுத்த ரைடு"ன்னா என்ன ஜாலி இருக்கு?

ரெண்டுவாலு_அம்மா:
வாத்து பாக்க பக்கத்து ஏரி போதுமே அண்ணா 😄

காவேரிக்கரை:
எல்லாரும் பசங்களைப் பத்தியே பேசுறீங்க, பிளான் போட வேண்டியது பெருசுங்களுக்கு. நான் அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போனதால சொல்றேன். மேஜிக் கிங்டத்துக்கு கார் பார்க்கிங் கேட் பக்கத்துல இல்ல. காரை விட்டுட்டு அங்கேருந்து மோனோரயிலோ ஃபெர்ரியோ பிடிச்சு ஏரியத் தாண்டித்தான் கேட்டுக்குப் போகணும், ஷீட்ல அதுக்கு முக்கா மணி நேரம் தள்ளி வச்சிருக்காங்களான்னு பாருங்க. அப்பா "எனக்கென்ன கால் இல்லையா"ம்பார், காதுல வாங்காம வீல்சேர் வாடகைக்கு எடுத்துடுங்க, மத்தியானம் அவரே வந்து உக்காந்துக்குவார், நடக்கும்போது பையைப் போடவும் ஆகும். மேஜிக் கிங்டம்ல பீப்பிள்மூவர்னு மெதுவா போற ரைடு ஒண்ணு, பெரியவங்களுக்கு அருமை, உக்காந்தபடியே மேல ஒரு ரவுண்டு சுத்திக் காட்டிருவான், ஆனா ஏறுற இடமே நகந்துகிட்டு இருக்கும், அம்மா புடவைன்னா கையப் பிடிச்சு ஏத்துங்க. அனிமல் கிங்டம்ல சஃபாரிய காலைல முதல்ல முடிச்சிருங்க, வெயில் ஏறுனா மிருகமெல்லாம் நிழல்ல படுத்துக்கும். கடைசி வரிசை வேணாம்னு கேளுங்க, தூக்கித் தூக்கிப் போடும்.

சாப்பாடு வெளியேருந்து கொண்டு போலாம், கண்ணாடி பாட்டிலும் சரக்கும் கூடாது. நாங்க புளியோதரையும் சப்பாத்தி ரோலும் கட்டிட்டுப் போயி நிழலா ஒரு பெஞ்சு பாத்து பிரிச்சோம், பக்கத்துல இருந்த குஜராத்தி குடும்பம் தேப்லா (அவங்க ஊர் மசாலா சப்பாத்தி) குடுத்தாங்க. தயிர்சாதம் அந்த வெயில்ல வேணாம், புளிச்சுரும். சாப்பாட்டுக் கவுண்டர்ல கேட்டா ஐஸ் வாட்டர் கப்ல சும்மாவே தருவாங்க, தண்ணி பாட்டில் சுமக்காதீங்க.

சார்லட்_வாசி:
எல்லாருக்கும் நன்றி. வைஃப் படிச்சாச்சு. 2 மணிக்கு மேல இருந்த செல் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டாங்க, ஆனா "அப்பா அம்மா"ன்னு ஷீட்ல புதுசா ஒரு காலம் (column) முளைச்சிருக்கு, அதுல புளியோதரை என் பேர்ல இருக்கு. ஒரு டவுட்டு, பையனுக்கு ஸ்ட்ரோலர் (குழந்தையை உக்கார வச்சுத் தள்ளுற வண்டி) வேணுமா? நல்லா நடப்பான். எங்ககிட்ட இழுத்துட்டுப் போற வேகன் ஒண்ணு இருக்கு.

ரெண்டுவாலு_அம்மா:
நல்லா நடக்குற 4 வயசெல்லாம் 11 மணி வரைக்கும்தான். ஸ்ட்ரோலர் கண்டிப்பா வேணும், வேகன் உள்ள விட மாட்டாங்க. ஸ்ட்ரோலர் அகலம் 31 இன்ச், நீளம் 52 இன்ச்சுக்கு மேல போகக் கூடாது, அதையும் அளந்துட்டுக் கிளம்புங்க. எல்லா ஸ்ட்ரோலரும் ஒரே மாதிரி வரிசையா நிக்கும், கைப்பிடில ஒரு கலர் ரிப்பன் கட்டிடுங்க.