'சிந்து பைரவி': 'பாடறியேன்' பாட்டை மாணவருக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

உப்புவெளிச் சுருதி (கேள்வி)

வணக்கம். திருகோணமலையில் உயர்தரத்தில் சங்கீதம் எடுக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய் தகப்பனுக்குமாக ஒரு மாலை நிகழ்ச்சி. நேரம் 45 நிமிடம். எடுத்துக்கொண்ட படம் கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி' (1985). படத்தைப் போட்டுக் காட்டும் எண்ணம் இல்லை. பாட்டுத் துண்டுகளைப் போட்டு, அங்கேயே வாசித்துக் காட்டி விளங்கப்படுத்த வேண்டும்.

கையில் உள்ளவை: ஒரு கீபோர்ட், ஒரு சுருதிப் பெட்டி, பாடக்கூடிய இரண்டு மாணவிகள், மிருதங்கம் வாசிக்கும் ஒரு தம்பி. வருபவர்களில் பாதிப் பேருக்குச் சுவரம் தெரியாது.

கேட்க விரும்புவது: நாட்டார் மெட்டில் தொடங்கும் 'பாடறியேன்' எப்படிக் கீர்த்தனையில் போய் நிற்கிறது என்பதை, சங்கீதம் தெரியாதவருக்கும் காதில் விழுகிற மாதிரிக் காட்ட வழி என்ன? 'கலைவாணியே' பாட்டில் ஆரோகணம் மட்டும்தான் என்கிறார்கள். அதை எப்படி நிரூபிப்பது? படம் கேட்கும் "தமிழில் பாடினால் என்ன" என்ற கேள்விக்குப் பின்னால் உள்ள வரலாற்றில் எவ்வளவு சொன்னால் போதும்?

அரைக்கட்டை

முதலாவதுதான் நிகழ்ச்சியின் உயிர். நேரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள்.

பாட்டு சாரமதி இராகம். 20வது மேளமான (தாய் இராகமான) நடபைரவியின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்தது. ஏறும்போது ஸ ரி க ம ப த நி ஸ, ஏழும் வரும். இறங்கும்போது ஸ நி த ம க ஸ; பஞ்சமமும் (ப) ரிஷபமும் (ரி) இல்லை. பாட்டு வந்து சேரும் 'மரி மரி நின்னே' தியாகராஜர் கீர்த்தனை. அதற்குரிய இராகம் காம்போதி. இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றியதால்தான் நாட்டார் மெட்டும் கீர்த்தனையும் ஒரே தரையில் நிற்கின்றன.

இதைக் கீபோர்டில் காட்டுவது சுலபம். ஒன்றாம் கட்டையை (C) ஸட்ஜமாக (ஸ) வையுங்கள்; வெள்ளைக் கட்டைகள் முழு எண், இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரை. சாரமதிக்கு 1, 2, இரண்டரை, 4, 5, ஐந்தரை, ஆறரை. காம்போதிக்கு இரண்டரை மூன்றாகும், ஐந்தரை ஆறாகும். அவ்வளவுதான். காந்தாரமும் (க) தைவதமும் (த) அரைக்கட்டை ஏறுகின்றன. ரி, ம, நி அசையவில்லை. (காம்போதி ஏறும்போது நிஷாதத்தைத் தொடாமல் த-விலிருந்து மேல் ஸ-வுக்குப் போகும். இதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சங்கீதம் படித்த பிள்ளை கையைத் தூக்கும்.)

செய்யும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். ஒரு மாணவி 'மரி மரி நின்னே' பல்லவியின் முதல் வரியைக் காம்போதியில் இரண்டு தரம் பாடட்டும். ஒரு நிமிடம் சுருதி மட்டும். அதன் பிறகு அதே சொல்லைச் சாரமதியில் இரண்டு தரம். இடையில் விளக்கம் வேண்டாம், பேசினால் காதில் நின்ற சாயல் கலைந்துவிடும். அதன் பிறகுதான் அந்த இரண்டு கட்டைகளையும் தொட்டுக் காட்டுங்கள். சுவரம் தெரியாத அம்மாவுக்கும் "முதலில் பாடினது நிறைவாக இருந்தது, இதில் ஏக்கம் இருக்கு" என்று படும். கீர்த்தனையின் சொல்லும் அந்த ஏக்கம்தான்: திரும்பத் திரும்ப உன்னிடமே முறையிட்டும் உன் மனத்தில் தயை வரவில்லையே என்பது பொருள். சாரமதிக்கு மாற்றியது அந்தச் சொல்லுக்கு ஊறு செய்யவில்லை என்பது என் எண்ணம்.

பிழைக்கும் இடங்கள் மூன்று.

பிள்ளைகள் இறங்கும்போது பழக்கத்தில் பஞ்சமத்தைத் தொட்டு வருவார்கள். தொட்டால் அது நடபைரவி. த-விலிருந்து ம-வுக்கு, க-விலிருந்து ஸ-வுக்கு நேரே இறங்கும் அந்த இரண்டு தாவல்களை மட்டும் பத்துத் தரம் தனியே பாடவையுங்கள்.

கீபோர்டை வைத்து இராகத்தைப் 'பாட' முயலாதீர்கள். கமகம் (சுவரத்தை அசைத்துப் பாடுவது) வராது, சாரமதி மேலைநாட்டு மைனர் ஸ்கேல் போலத் தட்டையாகக் கேட்கும். எந்தக் கட்டை என்று காட்டுவதற்கு மட்டும் கீபோர்ட், இராகம் குரலில்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டுப் பதிவுகள் பல வேகம் கூடியோ குறைந்தோ இருக்கும், சுருதி அரைக்கட்டை வரை நகர்ந்திருக்கும். பதிவைப் போட்டுவிட்டு மாணவி தன் சுருதியில் பாடினால் சபைக்கு அபசுரமாகவே படும். முதல் நாளே பதிவின் ஸட்ஜத்தைச் சுருதிப் பெட்டியில் பிடித்து, கீபோர்டின் டிரான்ஸ்போஸை அதற்குத் திருப்பி வையுங்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் நின்றால் அந்தப் பதிவை விட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

'கலைவாணியே': கல்யாணி, 65வது மேளம், பிரதிமத்திமம் (ம-வின் உயர்ந்த வகை; ஒன்றாம் கட்டைக்கு நாலரை). பல்லவியைச் சுவரப்படுத்திக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி போடுங்கள். அம்பு மேலே போகும், ஒரு சொற்கட்டு முடிந்து அடுத்தது தொடங்கக் கீழே தாவும், படிப்படியாக இறங்காது. "குரல் கீழே போகுதே" என்று ஒருவர் கேட்பார், அது கமகத்தின் அசைவு. நிற்கும் சுவரங்களை மட்டும் எழுதுங்கள், அசைவை எழுதினால் நிரூபணம் குழம்பும். இந்தப் பகுதிக்கு ஐந்து நிமிடம் போதும்.

யாழ்முனை

வரலாற்றுப் பகுதிக்கு எழுதுகிறேன்.

கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாக (சிறு உருப்படியாக) சுருங்கிப்போனதை எதிர்த்து எழுந்ததுதான் தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு தமிழ்ப் பாட்டுகளுக்கு மேடையில் இடம் கேட்டுத் தீர்மானம் போட்டது. சென்னைச் சங்கீத வித்துவான்களிடையே அது பெரிய வாதமாயிற்று. கல்கி தமிழிசையின் பக்கம் நின்று எழுதினார். 1943இல் தமிழ் இசைச் சங்கம். படத்தில் நாயகரான கச்சேரிப் பாடகர் ஜே.கே.பி.யைச் சபையில் எழுந்து கேட்கும் சிந்து என்ற பெண், நாற்பது வருடத்துக்கு முந்திய அந்த வாதத்தைத்தான் மறுபடி எழுப்புகிறாள்.

மூன்று ஆண்டுகளும் ஒரு வசனமும் போதும். மிச்ச நேரத்தை இங்குள்ளவற்றுக்குக் கொடுங்கள், அவை இந்தச் சபைக்கு இன்னும் கிட்டியவை. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் கோணமாமலைக்குப் பாடிய 'நிரைகழ லரவஞ் சிலம்பொலி' பதிகத்தின் பண் (பழந்தமிழ் இராகம்) புறநீர்மை. கோணேசர் கோயிலில் அந்தப் பதிகத்தைக் கேட்டு வளர்ந்த சபைக்கு, பண்ணோடு கூடிய தமிழ்ப்பாட்டு புதுக் கோரிக்கை இல்லை. அடுத்தவர் சுவாமி விபுலாநந்தர். எங்கள் இந்துக் கல்லூரியை நடத்தியவர். அவருடைய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளில் இருந்து பழைய யாழின் நரம்புகளையும் பண்களையும் கணக்கிட்டு மீட்ட நூல் அது. தமிழில் இசை இலக்கணம் இருந்ததா என்று யாராவது கேட்டால், பதில் இந்த ஊரில் நடமாடியவரிடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. படம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டியிருக்கிறது. "விளங்குகிற மொழியில் பாடு" என்பது ஒன்று. "நாட்டார் இசையும் சங்கீதமும் ஒரே வேர்" என்பது மற்றது. 'பாடறியேன்' இரண்டாவதற்குத்தான் பதில் தருகிறது. தமிழ்ப்பாட்டும் பாடு என்று கேட்கும் பாட்டு முடிவது எதில்? தெலுங்குக் கீர்த்தனையில். இராகம் ஒன்று என்று நிறுவிவிட்டது. மொழிக் கேள்வி அப்படியே நிற்கிறது. மாணவர்களிடம் இதைக் கேள்வியாகவே வைத்துப் பேசவிடுங்கள். மேடையில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

உப்புவெளிச் சுருதி

மிக்க நன்றி. தெலுங்கில் முடிகிறது என்பது இத்தனை தரம் கேட்டும் உறைக்கவில்லை. அதையே நிகழ்ச்சியின் நடுவில் வைக்கப்போகிறேன். பாத்திரங்களின் பெயர்களைப் பற்றி யாராவது சொல்வீர்களா? ஒன்று, தியாகராஜர் இராகத்தை மாற்றலாமோ என்று பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

விரிபோணி

இராகம் மாற்றியது பற்றி: ஒரே கீர்த்தனை ஒரு பாடாந்தரத்தில் (குரு வழிப் பாடமுறையில்) ஓர் இராகத்திலும் மற்றதில் வேறொன்றிலும் வழங்குவது சங்கீதத்தில் உள்ளதுதான். ஆனால் இது பாடாந்தரம் இல்லை, இசையமைப்பாளர் தெரிந்தே செய்த மாற்றம். அதை ஒளிக்காமல் சொல்லி, காம்போதியில் முதலில் பாடிக் காட்டினால் பெரியவர்களுக்கு மரியாதை செய்ததாகவும் இருக்கும். அரைக்கட்டை சொன்ன ஒழுங்கு அதற்கும் சரி.

பெயர்கள். பைரவி பெரிய இராகம். கச்சேரியின் நடுநாயக உருப்படிக்கு எடுப்பது. ஏறும்போது சதுஸ்ருதி (உயர்ந்த) தைவதம், இறங்கும்போது சுத்த (தாழ்ந்த) தைவதம் என்று கட்டுப்பாடுள்ளது. அந்தப் பெயரைச் சுமக்கும் ஜே.கே.பி.யின் மனைவிக்குச் சங்கீத ஞானம் இல்லை. 'சிந்து' தமிழ்ப் பாட்டு வகை: காவடிச் சிந்து, நொண்டிச் சிந்து. காவடிச் சிந்து கோயிலுக்குக் காவடி எடுக்கும்போது தெருவில் பாடுவது. இரண்டையும் சேர்த்தால் சிந்து பைரவி, கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக வரும் இராகம். அந்நிய சுவரங்கள் (இராகத்துக்கு உரியதல்லாதவை) தடையில்லாமல் வந்து போகும், மக்கள் காத்திருந்து கேட்பார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் என்பதைப் பாலசந்தர் தலைப்பிலேயே இசையாக எழுதிவிட்டார். சிந்து தன்னைப் பற்றிப் பாடும் 'நானொரு சிந்து' தொடங்குவதும் காவடிச் சிந்து என்ற சொல்லோடுதான்.

இன்னொரு அடையாளம் மிருதங்கம். தொடக்கத்தில் குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரர் குருமூர்த்தியை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே ஜே.கே.பி. கச்சேரி செய்கிறார். பிற்பாதியில் அவரே குடிக்கு விழுந்து, ஒரு வாய்க்காக 'தண்ணித் தொட்டி' பாடி ஆடுகிறார். தாளக்காரனை வெளியே அனுப்பியவர் பிறகு தாமே தாளம் பிசகுகிறார். இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் போடுங்கள். தம்பி மிருதங்கத்தோடு மேடையில் இருக்கிறார்தானே, முதல் துண்டு முடிந்ததும் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று) வாசித்துத் திடீரென்று நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வெறுமை சொல்லும்.

முடிவில் மட்டும் எனக்குப் படத்தோடு உடன்பாடில்லை. சிந்து பிள்ளையைப் பெற்று பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். தெருப்பாட்டு பெற்றது, சபை வீடு வளர்க்கிறது, பெற்றவளுக்கு அந்த வீட்டில் இடமில்லை. அதைத் தியாகம் என்று மட்டும் சொல்லி மாணவிகளை அனுப்பக் கூடாது. நடிப்புக்கும் (சுஹாசினி), பாட்டுக்கும் (சித்ரா), இசைக்கும் (இளையராஜா) தேசிய விருது வாங்கிய படம் என்பதால் அதன் முடிவைக் கேள்வி கேட்கக் கூடாது என்றில்லை.

கரைவலை

ஒரு சேர்க்கை. நாட்டார் மெட்டுக்குச் சினிமாவை மட்டும் நம்ப வேண்டாம். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஒன்றும், தம்பலகாமப் பக்கத்து அருவி வெட்டு (நெல் அறுவடை) பாட்டு ஒன்றும் பாடத் தெரிந்தவரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கைப்பேசி போதும், ஆனால் காற்றுக்கு முதுகு காட்டி, வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில். ஒரே அடியை நான்கு ஐந்து தரம் பாடச் சொல்லுங்கள். முதல் தரம் கூச்சத்தில் சுருதி நிலைக்காது, மூன்றாவதிலிருந்துதான் எடுக்கலாம்.

ஸட்ஜத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். பாட்டு தொடங்கும் சுவரத்தை ஸட்ஜம் என்று வைக்காதீர்கள். அடி முடிந்து எல்லாரும் சேர்ந்து வந்து நிற்கும் சுவரம் எதுவோ, அதற்குச் சுருதிப் பெட்டியை வையுங்கள். மாற்றி வைத்தால் கிரகபேதம் (ஸட்ஜத்தின் இடம் மாறுவது) வந்து வேறு இராகம் போலத் தோன்றும், அந்தப் பிழையான பெயர் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாட்டுகள் நான்கு ஐந்து சுவரத்துக்குள்ளேயே நடப்பவை, எந்த இராகம் என்று கட்டாயப்படுத்தத் தேவையில்லை. வரும் சுவரங்களை மட்டும் எழுதி, அதன் கீழே சாரமதியின் சுவரங்களை எழுதி, பொதுவானவற்றுக்கு வட்டம் போடுங்கள்.

தாளம் பற்றி: அம்பாவில் அடி விழுவது இழுவைக்கு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். மேடையில் ஒரு நீளக் கயிற்றைக் கொடுத்து ஆறு பிள்ளைகளை இழுக்கவைத்துப் பாடச் சொன்னால் அடி தானாக இடத்தில் விழும். கைதட்டிப் பாடவைத்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். கயிறு தும்புக் கயிறாக இருக்கட்டும், நைலோன் உள்ளங்கையை அறுக்கும். மறுமுனையை மேடைத் தூணில் கட்டாதீர்கள், இரண்டு பெரியவர்கள் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும்.