கடத்தித் தகடு: விடை இரண்டு மடங்காக வருகிறது, அவசரம்

பெரம்பூர்_பிளஸ்டூ | இரவு 9.42
நாளைக் காலை 7 மணிக்கு டெஸ்ட். மின்னூட்டம் 17.7 நானோகூலூம், பரப்பு 0.5 சதுர மீட்டர். தகட்டுக்குப் பக்கத்தில் மின்புலம் எவ்வளவு? சிக்மா பை எப்சிலான் நாட் (σ/ε₀) போட்டேன், அதாவது சதுர மீட்டருக்கான மின்னூட்டத்தை ε₀ என்ற மாறிலியால் வகுத்தேன், 4000 வருகிறது. விடைத்தாளில் 2000. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கிண்டி_லேப் | 9.50
எந்தத் தகடு தம்பி? உலோகமா, பிளாஸ்டிக்கா? 17.7 என்பது தகடு முழுவதற்குமா, ஒரு முகத்துக்கு மட்டுமா?

வாத்தியார்_மயிலை | 9.58
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து எண்ணைப் போட்டால் இப்படித்தான் ஆகும். மூடிய பரப்பின் வழியே போகும் புலத்தை உள்ளிருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதியிலிருந்து அது எப்படி வந்தது என்று ஒரு தடவையாவது கைப்பட எழுதிப் பார்த்ததுண்டா? முதலில் பாடப்புத்தகத்தின் முதல் அலகைத் திற.

இடிதாங்கி_ராயபுரம் | 10.03
எல்லாரும் விளிம்பை மறந்துவிடுகிறீர்கள். மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விரட்டுவதால் ஓரத்தில்தான் நெருக்கம் அதிகம். தனியாக நிற்கும் வட்ட உலோகத் தகட்டில் நட்ட நடுவில் அடர்த்தி சராசரியில் சரிபாதிதான். 4000 எப்படி 2000 ஆனது என்று இப்போது புரிகிறதா?

கொளத்தூர்_எலக்ட்ரீஷியன் | 10.06
கணக்கு முழுவதையும் அப்படியே எழுதுங்க. பாதியை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று சொல்கிறோம்.

பெரம்பூர்_பிளஸ்டூ | 10.11
மன்னிக்கவும். மெல்லிய செப்புத் தகடு, மொத்த மின்னூட்டம் 17.7, ‘ஓர விளைவைப் புறக்கணிக்கவும்’ என்று இருக்கிறது. அப்புறம் நான் தம்பி இல்லை அண்ணா.

கிண்டி_லேப் | 10.24
சரிம்மா. ராயபுரம் சார் சொன்ன பாதிக் கணக்கு உண்மைதான். ஆனால் ஓரத்தை விடு என்று கேள்வியே சொல்லிவிட்டதால் இங்கே அது வராது.

உலோகத் தகட்டில் மின்னூட்டம் இரண்டு முகத்திலும் பிரிந்து உட்காரும். முகத்துக்கு 8.85 நானோகூலூம். அதை 0.5 ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 17.7 நானோகூலூம். அதை எப்சிலான் நாட்டால், அதாவது 8.85 × 10⁻¹² ஆல் வகு. 2000 வந்துவிடும். உன் சூத்திரம் சரி, சிக்மாதான் தப்பு. மொத்தத்தையும் ஒரே முகத்தில் ஏற்றிவிட்டாய்.

இன்னொன்றையும் பார்த்துவிட்டுத் தூங்கு. அந்தத் தகட்டின் ஒரு முகத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை மட்டும் தனியாக நினைத்துக்கொள். அந்த இடத்து மின்னூட்டம் தன் இரண்டு பக்கமும் சிக்மா பை டூ எப்சிலான் (σ/2ε₀) புலம் தரும், எதிரெதிர் திசையில். மீதி மின்னூட்டம் எல்லாம் சேர்ந்து அதே இடத்தில் இன்னொரு சிக்மா பை டூ எப்சிலான் தரும். ஆனால் அது இரண்டு பக்கமும் ஒரே திசை, வெளிப்புறமாக. வெளியே இரண்டும் கூடி முழு சிக்மா பை எப்சிலான். உலோகத்துக்குள் ஒன்றையொன்று அடித்துவிட்டுச் சுழி. உள்ளே புலம் மிச்சம் இருந்தால் எலக்ட்ரான்கள் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அது சுழியான பிறகுதான் நிற்கும். எனக்கு இது காலேஜ் இரண்டாம் வருஷத்தில்தான் புரிந்தது.

வேளச்சேரி_மழை | 10.31
உள்ளே சுழி என்பதால்தானே இடி விழும்போது காருக்குள் இருக்கச் சொல்கிறார்கள்? ரப்பர் டயர்தான் காரணம் என்று எங்கள் அப்பா சொல்கிறார்.

கொளத்தூர்_எலக்ட்ரீஷியன் | 10.35
அப்பா சொல்வது சரி. ரப்பர் கையுறை போடாமல் நான் எந்த லைனையும் தொடமாட்டேன்.

இடிதாங்கி_ராயபுரம் | 10.38
கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு அரை அடி ரப்பர் எந்த மூலைக்கு? பைக்கிலும் டயர் இருக்கிறதே, இடியில் அதில் போவீர்களா? காப்பது காரின் உலோக உடம்பு. ஃபாரடே 1836-லேயே 12 அடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து காட்டிவிட்டார். வெளியே பொறி பறந்தது, உள்ளே அவர் வைத்திருந்த மின்காட்டி, அதாவது மின்னூட்டத்தைக் காட்டும் கருவி, அசையவில்லை.

வாத்தியார்_மயிலை | 10.47
கூண்டு சரி. ஆனால் மின்னல் நிலைமின்னியல் இல்லை, அதாவது ஓடாமல் நிற்கும் மின்னூட்டம் இல்லை. நொடியில் மிகச் சிறு பங்குக்குள் ஏறி இறங்கும் மின்னோட்டம். அது உலோகத்தின் வெளிப்புறத்தோடு ஓடித் தரைக்குப் போகிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடைக்காதீர்கள். தாம்பரம் லோக்கலில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி போகிறது, பெட்டிக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். கூரைமேல் ஏறினால் கம்பியைத் தொடாமலே உயிர் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கொளத்தூர்_எலக்ட்ரீஷியன் | 10.52
கூரை விஷயம் சரி சார். டயரை நான் இன்னும் விடவில்லை.

பெரம்பூர்_பிளஸ்டூ | மறுநாள் பகல் 12.20
இரண்டு செப்புத் தகடு, எதிரெதிர் மின்னூட்டம், நடுவில் புலம் என்ன என்று கேட்டார்கள். ஒன்றையொன்று இழுப்பதால் எல்லாம் உள்முகத்துக்கு வந்துவிடும், பாதியாகப் பிரியாது என்று எழுதினேன். அதுதான் சரியாம். நன்றி அண்ணா, வாத்தியார் சாருக்கும்.