கிராமத்துப் பள்ளி டீச்சரை ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கத் தயார் செய்வது எப்படி?

தண்டையார்பேட்டை மாலுமி:

எல்லாருக்கும் வணக்கம். 27 வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். பெருவில் கய்யாவோ, சிலியில் வால்பரைசோ, ஈக்வடாரில் குவாயாகில் என்று பல துறைமுகங்களில் நாள்கணக்கில் நின்றிருக்கிறோம். கப்பலில் ஏறி வரும் ஆட்களோடு பேசிப் பேசியே எனக்கு ஸ்பானிஷ் வந்தது. பாடமாகப் படித்ததில்லை.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் சின்னப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை 34 பிள்ளைகள், இரண்டே டீச்சர். அதில் ஒருவர் தலைமையாசிரியை, இன்னொருவர் என் மனைவிக்குத் தங்கை முறை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் தொடங்கலாமா என்று இந்தப் பெண்தான் கேட்டது. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே பிள்ளைகள் மிரள்கிறார்களாம். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறொன்று. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க முடிகிற ஒரு மொழி கையில் கிடைத்தால் வாசிப்பு மேலேயே பயம் போய்விடும் என்கிறது. எனக்கும் அது சரியென்று பட்டது.

சனிக்கிழமைதோறும் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி இங்கே வருகிறது. நான்கு வாரம் ஆகிவிட்டது. ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்க வேண்டும். எனக்குப் பேச வருகிறது, விளக்கத் தெரியவில்லை. 'மே குஸ்தா' என்று ஒரு வரியில் சொல்கிறேன், அடுத்த வரியில் அதுவே 'மே குஸ்தான்' ஆகிவிடுகிறது. ஏன் மாமா என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறேன். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகத்தில் 29 எழுத்து இருக்கிறது, போனில் 27 என்று வருகிறது. எது சரி? எவ்வளவு தெரிந்தால் அந்தப் பெண் வகுப்பில் நிற்கலாம்?

பெரம்பூர் ஸ்பானிஷ் வகுப்பு:

ஐயா, வணக்கம். முதலில் எழுத்துக் கணக்கு. 27 என்றே சொல்லிக்கொடுங்கள். சி-யும் எச்-சும் சேர்ந்ததையும் இரட்டை எல்-லையும் முன்பு தனி எழுத்தாக எண்ணினார்கள். 1994-ல் அகராதி வரிசையில் அவற்றின் தனி இடம் போனது, 2010-ல் எழுத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உங்கள் புத்தகம் அதற்கு முந்தையது.

அடுத்தது 'மே குஸ்தா'. அதை 'ஐ லைக்' என்று ஆங்கிலத்தில் சொல்லித்தானே விளக்கினீர்கள்? சிக்கலே அங்கேதான். 'எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். 'மே' என்றால் எனக்கு. மே குஸ்தா எல் பெஸ்காதோ, எனக்கு மீன் பிடிக்கும். இங்கே எழுவாய் மீன். ஒன்று என்றால் குஸ்தா, பல என்றால் குஸ்தான். மே குஸ்தான் லோஸ் கமரோனெஸ், எனக்கு இறால் பிடிக்கும். தலைவலிக்கும் இதே கட்டுதான்: மே துவேலே லா கபேஸா, எனக்குத் தலை வலிக்கிறது. தமிழில் யோசித்தால் ஒரு நிமிஷத்தில் புரியும்.

இப்படி இன்னும் நிறைய இருக்கிறது. நீ, நீங்கள் வித்தியாசம் அவர்களிடமும் உண்டு: தூ, உஸ்தேத். 'நான்' என்று சொல்லாமலே நாம் 'பேசுகிறேன்' என்கிறோம், அவர்கள் 'ஆப்லோ' என்கிறார்கள். 'நாதா' என்ற சொல்லில் வரும் டி (d) எழுத்து நம் 'அது'வில் வரும் து மாதிரி மெத்தென்று ஒலிக்க வேண்டும். ஆங்கில டி-யைப் போட்டால்தான் கெட்டுப்போகும்.

கஷ்டப்படப்போகும் இடம் ஒன்று உண்டு. நம் மேசை அஃறிணை, அவர்கள் மேசை பெண்பால். ஏன் என்று காரணம் தேட வேண்டாம். 'மேசா' என்று தனியாகச் சொல்லாமல் 'லா மேசா' என்று ஒட்டியே முதல் நாளிலிருந்து பழக்குங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலி துறைமுகப் பேச்சில் சொல்லின் கடைசி 'ஸ்' பாதி விழுங்கப்படும். டீச்சருக்குச் சொல்லும்போது அதை முழுதாக உச்சரியுங்கள். ஒருமை பன்மை அதில்தான் தெரியும்.

திருவொற்றியூர் டீச்சர்:

அண்ணே, நான் அரசுப் பள்ளியில் 19 வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஸ்பானிஷ் தெரியாது, பிள்ளைகளைத் தெரியும். உங்கள் தங்கைக்கு மொழி முழுதும் வர வேண்டியதில்லை. பிள்ளைகளைவிடப் பத்துப் பாடம் முன்னே இருந்தால் போதும். ஆனால் அந்தப் பத்துப் பாடமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

முதல் மாதம் நோட்டே வேண்டாம். கட்டளை மட்டும் போதும்: எழுந்திரு, உட்கார், தொடு, கொண்டு வா. டீச்சர் சொல்வார், பிள்ளைகள் செய்வார்கள், யாரும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960-களில் இந்த முறையைப் பரப்பினார். ஆங்கிலத்துக்கு நான் இதைத்தான் செய்கிறேன். வாயே திறக்காத பிள்ளைகூட மூன்றாவது வாரத்தில் பக்கத்துப் பிள்ளைக்குக் கட்டளை போட ஆரம்பித்துவிடும்.

சனிக்கிழமை நீங்கள் கட்டளை சொல்லுங்கள், தங்கை எழுந்து செய்யட்டும். அப்புறம் அது சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுப் போனால் வகுப்பில் நிற்கும்போது வார்த்தை வராது.

எண்ணூர் வாசி:

போர்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபமாக இருக்காதா?

பெரம்பூர் ஸ்பானிஷ் வகுப்பு:

வேண்டாம் சார். 'பெஸோ' என்று தமிழில் எழுதினால் அது எடையா முத்தமா என்று தெரியாது. ஸ்பானிஷில் இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு. ஏபிசிடி பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். 'ஓலா' சொல்லில் எச் எழுத்து வாய் திறக்காது, வாடகை ஆட்டோ ஆப் பேர் மாதிரியே ஒலிக்கும் என்று சொன்னால் மறக்கவே மறக்காது. டீச்சர் தன் நோட்டில் மட்டும் ஓரமாகத் தமிழில் குறித்துக்கொள்ளலாம்.

ஐயா, மேசை, அலமாரி, சாவி, மேஸ்திரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள். ஸ்பானிஷ் அதற்கு அக்காள் தங்கை மொழி. மேசா, அர்மாரியோ, யாவே, மாஎஸ்த்ரோ. டச்சுக்காரர்களுக்கு முன்னால் பழவேற்காட்டில் இருந்தது போர்த்துக்கீசியர்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். ஜன்னல் மட்டும் ஒத்துவராது, ஸ்பானிஷில் அது வென்தானா.

தங்கைக்கு ஒரு சான்றிதழ் இருந்தால் தைரியம் வரும். டெலே என்று ஸ்பானிஷ் மொழித் தேர்வு ஒன்று உண்டு, அதில் ஏ1 முதல் படி. ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்டெஸ் நடத்துவது, டெல்லியில் அவர்களுக்கு மையம் உண்டு. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஜூனுக்குள் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

தண்டையார்பேட்டை மாலுமி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சனிக்கிழமை நீங்கள் சொன்னபடியே செய்தோம். நாற்காலியை ஓரம் கட்டிவிட்டு நின்றுகொண்டே பாடம். 'தோகா லா மேசா' என்றேன், மேசையைத் தொட்டது. 'தோகா எல் அர்மாரியோ' என்றதும் யோசிக்காமல் அலமாரியிடம் போய்விட்டு, "மாமா, இது நம்ம வார்த்தையாச்சே!" என்று திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான்தான் கட்டளைக்கு ஆடினேன்.

'எனக்கு' என்று சொன்னதும் குஸ்தா, குஸ்தான் அப்போதே பிடிபட்டது. மத்தியானம் காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த கடம்பாவும் இறாலும் சட்டியில் இருந்தன. இரண்டையும் வைத்துத் தானே வாக்கியம் கட்டியது. நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரில் நீந்தும்போது 'பெஸ்', பிடித்துக் கரைக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ' என்றேன். ஒரு மீனுக்கு எதற்கு இரண்டு பேர் என்று கேட்டுவிட்டு, தானே சொன்னது: நெல், அரிசி, சோறு என்று நமக்கு மூன்று பேர் இருக்கிறதே மாமா. அவர்களுக்கு மூன்றும் 'அர்ரோஸ்' ஒன்றுதான் என்றேன். உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டது. முதல் வெள்ளிக்கிழமை பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் வலை பிரிக்கும் இடத்திலேயே பாடத்தைத் தொடங்கப்போகிறதாம்.

பெரம்பூர்த் தம்பி, ஒற்றை ஆர், இரட்டை ஆர் இரண்டுக்கும் இன்னும் ஒரே ஒலிதான் வருகிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். ர, ற இரண்டையும் நாம் பேச்சில் ஒன்றாக்கிவிட்டதால் வந்த வினையோ என்னவோ. இதற்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பெரம்பூர் ஸ்பானிஷ் வகுப்பு:

பையன்கள் கையை முறுக்கி பைக் ஓட்டி விளையாடும்போது போடுகிற 'டுர்ர்ர்' சத்தம்தான் ஐயா. தினமும் காலையில் பத்துத் தடவை போடச் சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு டீச்சருக்கு முன்னாலேயே வந்துவிடும்.

தண்டையார்பேட்டை மாலுமி:

சரி தம்பி, இப்போதே போன் பண்ணிச் சொல்கிறேன்.