மூன்று சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கினேன், மூன்றும் ஒரே ருசி. சனிக்கிழமைக்குள் உதவி!

அவசரக்குடுக்கை (செவ்வாய், இரவு 11:42)
சனிக்கிழமை வீட்டுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். சிங்கிள் மால்ட் ருசி பார்க்கலாம் வாருங்கள் என்று நான்தான் வாயை விட்டேன். மூன்று பாட்டில் வாங்கி இன்று ராத்திரி ஒத்திகை பார்த்தேன். மூன்றும் ஒரே ருசி! முதல் மிடறு ஏதோ தெரிந்தது, அப்புறம் வித்தியாசமே இல்லை. என் நாக்கில் கோளாறா, பாட்டிலில் கோளாறா? வேறு எதை வாங்குவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், இரவு 11:58)
எந்த மூன்று பாட்டில்? எந்த ஊர்? கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? இது எதுவும் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

எவர்சில்வர்_எதிரி (புதன், காலை 6:10)
எதில் ஊற்றிக் குடித்தீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். நேராக நிற்கும் டம்ளராக இருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். விஸ்கியின் ருசி முக்கால்வாசி மூக்கில்தான் இருக்கிறது. அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் ஊற்றினால்தான் வாசனை தங்கும். க்ளென்கெய்ர்ன் கிளாஸ் என்று கேட்டு வாங்குங்கள். பாட்டில் மேல் பழி போடாதீர்கள்.

பீப்பாய்_சித்தர் (புதன், காலை 7:25)
இதே கேள்வி மாதம் ஒருமுறை வந்துவிடுகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, கொப்பரையில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஊறியது. ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2009 சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. அடிப்படை தெரியாமல் எட்டுப் பேரைக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

மதுரைக்காரி_கிளாஸ்கோ (புதன், காலை 8:02)
சித்தரே, தம்பி கேட்டது சட்டம் இல்லை. தம்பி, குடிக்கும்போது கூட என்ன சாப்பிட்டீர்கள்? ஐஸ் போட்டீர்களா? வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி ஏதாவது? சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் கெட்டது.

அவசரக்குடுக்கை (புதன், மதியம் 1:15)
ஆபீஸில் இருக்கிறேன், சுருக்கமாக. எவர்சில்வர் டம்ளர்தான். ஐஸ் போட்டேன். மட்டன் மிளகு வறுவல். ஊதுபத்தி இருந்தது. இஸ்லே தீவு விஸ்கிதான் உலகத்திலேயே சிறந்தது என்று கூட வேலை செய்பவர் சொன்னார், அதனால் மூன்றும் அங்கே செய்தது: லப்ரோயக் 10, ஆர்ட்பெக் 10, காவோல் இலா 12 (எண் பீப்பாயில் ஊறிய வருடம்). அதே வரிசையில் குடித்தேன். இன்னும் நூறு பவுண்ட் வரை செலவு செய்யலாம். கிளாஸ்கோ.

எவர்சில்வர்_எதிரி (புதன், மதியம் 1:17)
எவர்சில்வர்! நான் சொன்னேனா இல்லையா?

மதுரைக்காரி_கிளாஸ்கோ (புதன், மதியம் 1:40)
டம்ளர் கிடக்கட்டும். காரணம் அந்த மூன்று பெயரிலேயே இருக்கிறது. மூன்றுமே பீட் புகைக்குப் பேர்போனவை. ஈரமான பார்லியை உலர்த்தும்போது பீட் என்ற கரிமண்ணை எரிப்பார்கள், அந்தப் புகையின் பீனால்கள் என்ற வாசனைப் பொருள்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். அயோடின், தார், ஆஸ்பத்திரி வராண்டா என்று மூக்கு சொல்வதெல்லாம் அதுதான். போதாததற்கு மூன்றும் பெரும்பாலும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறியவை. புகையும் ஒன்று, பீப்பாயும் ஒன்று. அதற்கு மேல் ஐஸ் வாசனையை அடக்கிவிட்டது, மிளகு நாக்கை எரித்துவிட்டது. லஃப்ராய்க்கை (நீங்கள் லப்ரோயக் என்று எழுதியது) முதலில் குடித்தவுடனே மூக்கு புகைக்குப் பழகிப் போயிருக்கும். நாக்கில் ஒரு கோளாறும் இல்லை.

கணக்குப்பிள்ளை (புதன், மதியம் 2:05)
ஒரு சின்ன திருத்தம். மூன்றும் ஒரே அளவு புகை இல்லை. ஆர்ட்பெக்குக்குப் போகும் மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், பீனால் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல், கல் ஈலாவுக்கு (நீங்கள் காவோல் இலா என்றது) 35 பக்கம். ஆனால் இது வடிப்பதற்கு முன்னால் மால்ட்டில் எடுக்கும் அளவு. கிளாஸுக்கு வரும் புகை கொப்பரையின் உயரத்தையும், வடியும் சாராயத்தை எந்த இடத்தில் வெட்டி எடுக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அதனால்தான் கல் ஈலா கொஞ்சம் சாதுவாகத் தெரியும். மூன்றையும் பொறுமையாக, ஐஸ் இல்லாமல் குடித்தால் வித்தியாசம் தெரியும். முதல்முறை குடிப்பவருக்குத் தெரியாது.

பீப்பாய்_சித்தர் (புதன், மாலை 5:30)
முதலில் உச்சரிப்பு. இஸ்லே இல்லை, ஐலா. லப்ரோயக் இல்லை, லஃப்ராய்க். காவோல் இலா இல்லை, கல் ஈலா. கிளாஸ்கோவில் இருந்துகொண்டு இது தெரியவில்லை என்றால் யாரை நோவது? செய்ய வேண்டியது எளிது. சட்டம் ஐந்து வட்டாரம் சொல்கிறது: ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், காம்பெல்டவுன், ஐலா. வட்டாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. முறைப்படி செய்யும் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்.

கணக்குப்பிள்ளை (புதன், மாலை 6:12)
முறைப்படி செய்து ஏமாந்தவன் நான். ஐலாவிலேயே புன்னஹாவன் 12 இருக்கிறது, புகை கிடையாது. ஸ்கை தீவின் டாலிஸ்கரும் ஆர்க்னியின் ஹைலேண்ட் பார்க்கும் சட்டப்படி ஹைலேண்டில்தான் சேரும், இரண்டிலும் புகை உண்டு. கிளாஸ்கோவுக்கு வடக்கே உள்ள க்ளென்காய்ன் வடிசாலையில் வடிப்பது ஹைலேண்டில், சாலையைத் தாண்டினால் பீப்பாய் அடுக்கியிருக்கும் கிடங்கு லோலேண்டில். சாலையைக் கடக்கும்போது ருசி மாறுகிறதா, சித்தரே?

பீப்பாய்_சித்தர் (புதன், மாலை 6:20)
விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்க முடியாது.

கணக்குப்பிள்ளை (புதன், மாலை 6:24)
விதிவிலக்கே பாதி ஸ்காட்லாந்து! வட்டாரத்தை விடுங்கள். என்ன பீப்பாய், எவ்வளவு புகை, எத்தனை சதவீதம், இந்த மூன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெங்களூர்_பென்ஷன்காரர் (புதன், இரவு 9:05)
நடுவில் ஒரு அம்ருத் வையுங்கள், பெயர் சொல்லாமல். பெங்களூரில் செய்வது, ஆனால் 2004-இல் முதலில் விற்பனைக்கு வந்ததே உங்கள் கிளாஸ்கோவில்தான். எட்டுப் பேரும் ஸ்காட்ச் என்றே சொல்வார்கள், பந்தயம்.

பீப்பாய்_சித்தர் (புதன், இரவு 9:11)
இழையின் தலைப்பு என்ன, இங்கே பேசுவது என்ன? ஸ்காட்லாந்தில் ஊறாதது ஸ்காட்ச் ஆகாது. அதுவும் நாலைந்து வருடச் சரக்கைப் பன்னிரண்டு வருடத்தோடு வைப்பதா?

பெங்களூர்_பென்ஷன்காரர் (புதன், இரவு 9:30)
ஸ்காட்ச் என்று நான் சொல்லவே இல்லை. ஐயா, வயது ஊருக்கு ஊர் மாறும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆவியாகப் போவது வருடத்துக்கு 2 சதவீதம் அளவில். பெங்களூர் வெயிலில் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். பன்னிரண்டு வருடம் வைத்தால் பீப்பாயின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சும்.

பீப்பாய்_சித்தர் (புதன், இரவு 9:33)
வேகமாக வெந்தது எல்லாம் நன்றாக வெந்தது ஆகாது.

பெங்களூர்_பென்ஷன்காரர் (புதன், இரவு 9:36)
கடைசியாக எப்போது குடித்துப் பார்த்தீர்கள்?

பீப்பாய்_சித்தர் (புதன், இரவு 9:50)
அது தேவையில்லாத கேள்வி.

மதுரைக்காரி_கிளாஸ்கோ (வியாழன், காலை 7:45)
இருவரும் தனி இழை திறந்து சண்டை போடுங்கள். தம்பி, நான் செய்வதாக இருந்தால் இப்படி. புதிதாக இரண்டே பாட்டில் வாங்குங்கள். ஒன்று ஆக்கன்டோஷன் 12. நம் ஊர் ஓரத்தில், க்ளைட்பேங்க் பக்கம் செய்வது. பெரும்பாலான ஸ்காட்ச் இரண்டு முறை வடிப்பது, இதை மூன்று முறை வடிக்கிறார்கள், அதனால் லேசாக இருக்கும். விஸ்கியே குடிக்காதவரும் முகம் சுளிக்க மாட்டார். இரண்டாவது க்ளென்ட்ரோனாக் 12. ஷெர்ரி என்ற ஸ்பானிஷ் ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது. உலர்திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் கிராம்பு. நம் ஆட்கள் கிறிஸ்துமஸ் கேக்கா என்று கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் அப்புறம் உங்களிடம் இருக்கும் கல் ஈலா, கடைசியில் லஃப்ராய்க். ஆர்ட்பெக்கை அலமாரியில் வையுங்கள், கேட்பவர்களுக்கு மட்டும். நாலு போதும்.

ஐஸ் வேண்டாம். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னக் குவளையில் தண்ணீர். முதல் மிடறு அப்படியே, அடுத்ததில் சில சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாசனை திறந்துகொள்ளும். கிளாஸ் வாங்கக் காசு இல்லை என்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும், சோப்பு வாசனை இல்லாமல் கழுவுங்கள். மிளகு வறுவல் எல்லாம் முடிந்த பிறகு. நடுவில் உப்பில்லாத பிஸ்கட்.

கணக்குப்பிள்ளை (வியாழன், காலை 8:20)
இதையே வழிமொழிகிறேன். அளவு சொல்லிவிடுகிறேன்: ஆளுக்கு 15 மி.லி., எட்டுப் பேருக்கு ஒரு பாட்டிலில் 120 மி.லி. 700 மி.லி. பாட்டிலில் மீதம் நிறைய இருக்கும். நாலும் சேர்த்து ஒருவருக்கு 60 மி.லி., இங்கே பப்பில் ஊற்றும் 25 மி.லி. கணக்கில் இரண்டரை பெக்குக்குக் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் காரில் வருகிறவர்களிடம் முன்பே சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் ஓட்டுநருக்கான வரம்பு 2014 டிசம்பரிலிருந்து 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கிராம், இங்கிலாந்தில் 80. அங்கிருந்து வருகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். அப்புறம், கடையில் ராத்திரி 10 மணிக்கு மேல் விற்க மாட்டார்கள். வெள்ளி இரவு வரை தள்ளிப்போடாதீர்கள்.

எவர்சில்வர்_எதிரி (வியாழன், காலை 8:31)
ஒயின் கிளாஸ் சுமார்தான். க்ளென்கெய்ர்ன் என்றால் க்ளென்கெய்ர்ன்.

பீப்பாய்_சித்தர் (வியாழன், காலை 9:00)
காம்பெல்டவுன் இல்லாமல் ஒரு ருசி மாலை. சரி, உங்கள் இஷ்டம். அங்கே செய்யும் ஸ்பிரிங்பேங்க் 10 எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், படாது.

மதுரைக்காரி_கிளாஸ்கோ (சனி, மாலை 4:10)
தம்பி, வாங்கினீர்களா?

மதுரைக்காரி_கிளாஸ்கோ (ஞாயிறு, இரவு 8:00)
தம்பி?

அவசரக்குடுக்கை (புதன், இரவு 10:20)
மன்னிக்கவும், மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், நேரமே இல்லை. நன்றாக நடந்தது. ஏழு பேர்தான் வந்தார்கள். அக்கா சொன்ன நாலு, அதே வரிசை. ஆக்கன்டோஷன் முதலில் காலி, அளவெல்லாம் நிற்கவில்லை. லஃப்ராய்க்கை முகர்ந்துவிட்டு மாமனார் யாருக்குக் காயம் என்று கேட்டார், ஆனால் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டவரும் அவர்தான். எல்லாருக்கும் நன்றி.

எவர்சில்வர்_எதிரி (புதன், இரவு 10:22)
கிளாஸ் மாற்றினீர்களா?

எவர்சில்வர்_எதிரி (வெள்ளி, காலை 6:15)
கிளாஸ்?