பாதம் மரத்துப் போகிறது, ஓட்டத்தை நிறுத்த மனமில்லை: காரணத்தை எங்கிருந்து தேடுவது?

அதிகாலை_ஓட்டம்
வணக்கம். அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், பொறுத்தருள்க. சில மாதங்களாகப் பாதம் மரத்துப் போகிறது. இரவில் எரிச்சலும் இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. நரம்புப் பரிசோதனையும் செய்துவிட்டேன், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன்; அரை மாரத்தான் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஓடுவதை நிறுத்துங்கள் என்பதைத் தவிர வேறு எந்த விளக்கமும் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் என்னவாக இருக்கலாம்?

இயன்முறையாளர்_ஈரோடு
ஒரு பாதமா, இரண்டுமா? விரல் நுனியில் தொடங்கியதா, உள்ளங்காலிலா, மேற்பாதத்திலா? ஓடும்போது மட்டும் வருகிறதா, படுத்திருக்கும்போதும் இருக்கிறதா? இவற்றைச் சொல்லாமல் காரணம் கேட்பது, போகும் ஊரைச் சொல்லாமல் பேருந்து எண்ணைக் கேட்பதற்குச் சமம். இரு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி ஒரே சீராக மேலேறினால், இரத்தத்தில் தேட வேண்டிய காரணங்கள் முன்னால் வரும். ஒரு பாதத்தில் மட்டும் என்றால், கீழ்முதுகின் வட்டு விலகல், கணுக்காலின் உட்புறத்தில் நரம்பு நெரிபடுதல், மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையே நரம்பு தடித்தல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மேற்பாதம் மட்டும் மரத்தால், காலணி நாடாவை இறுக்கிக் கட்டியதே காரணமாக இருக்கலாம். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தயிர்சாதம்
நீங்கள் சைவ உணவுக்காரரா? அப்படியானால் வேறு எதையும் தேட வேண்டாம், வைட்டமின் பி12 குறைபாடுதான். எனக்கும் பஞ்சின் மேல் நடப்பதைப் போல் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டேன், சரியாகிவிட்டது.

வெறுங்கால்_வேந்தன்
காலணியைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் மண்ணில் நடந்து பாருங்கள். முன்பக்கம் குறுகிய காலணிகளே விரல் நரம்புகளைக் கெடுக்கின்றன என்பது என் அனுபவம். நான் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டரையும் வெறுங்காலுடன் சுற்றி வருகிறேன். ஒரு குறையும் இல்லை.

பழைய_வாசகன்
இதே கேள்விக்கு இதே இடத்தில் நான் முன்பே நான்கு முறை விரிவாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. போகட்டும். "சர்க்கரை நோய் இல்லை" என்பது நீங்கள் எட்டிய முடிவு. நான் கேட்பது அளவு. வெறும் வயிற்றில் பார்த்ததா, மூன்று மாதச் சராசரியா, குளுக்கோஸ் 75 கிராம் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததா? முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவதில் மட்டும் 140-ஐத் தாண்டுபவர்கள் உண்டு. அந்த நிலையிலேயே சிலருக்குப் பாத நரம்புகள் பாதிக்கப்படத் தொடங்கிவிடுகின்றன. மேலும், நீங்கள் செய்துகொண்ட நரம்புக் கடத்தல் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் உணர்த்தும் நுண்ணிழைகள் கெட்டிருந்தாலும் அதில் எல்லாம் சரியென்றே வரும். அவற்றைப் பார்க்கத் தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. எனவே "எல்லாம் சரி" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் கழிக்க முடியாது.

அதிகாலை_ஓட்டம்
அனைவருக்கும் நன்றி. வயது 47. சைவம். மது இல்லை. சர்க்கரை வெறும் வயிற்றில் 98, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலக முகாமில் பார்த்தது. நெஞ்செரிச்சலுக்காக ஆறு ஆண்டுகளாகக் காலையில் பான்டோபிரசோல் எடுக்கிறேன். மற்றபடி மருந்து எதுவும் இல்லை. நரம்புக்கு நல்லது என்று மருந்துக் கடையில் கொடுத்த சத்து மாத்திரையை மட்டும் ஓராண்டாகக் காலையும் இரவும் போடுகிறேன். அது மருந்துக் கணக்கில் வராது என்று நினைக்கிறேன். அப்போது மரப்பு இல்லை, ஓட்டத்துக்குப் பிறகு வரும் கெண்டைக்கால் பிடிப்புக்காகவே தொடங்கினேன்.

தயிர்சாதம்
நான் சொன்னேன் அல்லவா? சைவ உணவு, அதன் மேல் ஆறு ஆண்டுகளாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை; இரைப்பையில் அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிவது குறையும். அந்தச் சத்து மாத்திரையை நாளைக்கு மூன்றாகக் கூட்டுங்கள், ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய_வாசகன்
கூட்டவே கூட்டாதீர்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பைரிடாக்சின் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். பைரிடாக்சின் என்பது பி6. நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் அதே பி6, நீண்ட நாள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் நரம்பைக் கெடுக்கும். மாத்திரையைத் தொடங்கிய பிறகே மரப்பு வந்திருக்கிறது என்பதை இவரே எழுதியும் ஒருவரும் கவனிக்கவில்லை.

மருந்தாளுநர்_தஞ்சை
மேலே உள்ளவரின் தொனி எனக்கு உடன்பாடில்லை, ஆனால் கருத்து சரியானது. பெரியவர்கள் ஒரு நாளில் கொள்ளத்தக்க பி6-இன் உச்ச அளவை 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 25 மில்லிகிராமிலிருந்து 12-ஆகக் குறைத்தது. அமெரிக்காவில் வகுத்திருக்கும் உச்ச அளவு 100. நாடுகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதே, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எல்லை இதில் இல்லை என்பதைக் காட்டுகிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த மாத்திரையில் பி12-உம் கலந்திருந்தால், இப்போது எடுக்கும் இரத்தச் சோதனையில் பி12 போதுமானதாகவே காட்டக்கூடும். எனவே மருத்துவரிடம் மாத்திரை அட்டையையும் கொண்டுசெல்லுங்கள். தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, இரத்தப் புரதப் பகுப்பாய்வு ஆகியவற்றையும் வழக்கமாகப் பார்ப்பார்கள். முன்பு காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுத்திருந்தாலோ, புற்றுநோய் சிகிச்சை பெற்றிருந்தாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள். உடலில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்; தொழுநோய் நம் நாட்டிலிருந்து முற்றிலும் போய்விடவில்லை.

வெறுங்கால்_வேந்தன்
மாத்திரை, சோதனை என்று அலைவதற்கு முன் காலணியைக் கழற்றிப் பார்ப்பதில் என்ன நட்டம்? நம் முன்னோர் யாரும் காலணி போட்டு ஓடவில்லை.

இயன்முறையாளர்_ஈரோடு
நட்டம் இருக்கிறது. உணர்ச்சி சரியாக உள்ள பாதத்துக்கு வெறுங்கால் நடை தீங்கில்லாமல் இருக்கலாம். மரத்த பாதத்துக்கு அது ஆபத்து. வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் பால் பிராண்ட், பாதப் புண்களுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, வலி தெரியாத பாதத்தில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துவதே என்று காட்டினார். சர்க்கரை நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் இன்றும் கொடுக்கப்படும் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்புக்கு அடிப்படை அந்தச் சிந்தனைதான். மதிய வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் நடந்து, சூடு தெரியாமல் உள்ளங்கால் முழுதும் கொப்பளித்து வந்தவருக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

வெறுங்கால்_வேந்தன்
கிரிவலத்தைக் குறை சொல்கிறீர்களா?

இயன்முறையாளர்_ஈரோடு
இல்லை. மரத்த பாதத்தோடு வெறுங்காலில் போக வேண்டாம் என்கிறேன். கேள்வி கேட்டவருக்கு ஒரு செய்தி: ஓட்டத்தை முற்றாக விட வேண்டும் என்பதில்லை. பாதத்தில் புண்ணோ சிவந்த தடமோ இல்லாதவரை நடை, மிதிவண்டி, நீச்சல் எதற்கும் பொதுவாகத் தடையில்லை. மரத்த பாதத்துக்கு நடையே ஆகாது என்ற பழைய எச்சரிக்கை இப்போது தளர்ந்துவிட்டது. காரணம் தெரியும்வரை தூரத்தைப் பாதியாக்குங்கள். காலணியைப் போடுமுன் உதறிக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். எரிச்சலுக்காக வெந்நீரில் காலை வைக்காதீர்கள். கால் பலவீனமடைந்து நாள்தோறும் மேலேறினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நான் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை: ஒரு பாதமா, இரண்டுமா?

பழைய_வாசகன்
பதில் வராது. கேட்டவர் போய்விட்டார், நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதிகாலை_ஓட்டம் (மூன்று வாரங்களுக்குப் பின்)
தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு பாதமும்தான், விரல் நுனியிலிருந்து. அது சொல்லாமலே புரியும் என்று நினைத்திருந்தேன். குளுக்கோஸ் குடித்த பின் 168. பி12 போதுமானதாக வந்தது. மாத்திரை ஒன்றில் பைரிடாக்சின் 50 மில்லிகிராம், ஆக நாளொன்றுக்கு 100. நரம்பியல் மருத்துவர் அட்டையைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டில் எது காரணம் என்று இப்போதே பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அரை மாரத்தானை விட்டுவிட்டேன். காலையில் மிதிவண்டி, மாலையில் மூன்று கிலோமீட்டர் நடை.

பழைய_வாசகன்
இரத்தத்தில் பி6 அளவை, மாத்திரையை நிறுத்துவதற்கு முன் எடுத்தீர்களா, பின்பா?