'டேக் தி எட்ஜ் ஆஃப்': தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். படிவம் 4 படிக்கும் மகள் நேற்று ஓர் ஆங்கில வாக்கியத்தோடு வந்தாள். மாத்திரை பல்வலியின் 'எட்ஜை' எடுத்துவிட்டதாம். அவள் எழுதிவைத்திருந்தது: "மாத்திரை வலியின் ஓரத்தை எடுத்தது." சிரித்துவிட்டேன், ஆனால் எனக்கும் சட்டென்று ஒன்றும் வரவில்லை.

பொருள் புரிகிறது. இங்கே எட்ஜ் என்பது ஓரம் இல்லை, கத்தியின் கூர்மை. வலி போய்விடவில்லை, அதன் உக்கிரம் மட்டும் குறைந்திருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவிடம் கேட்டேன். "கத்தி மழுங்கினாலும் கத்திதானே, அது மாதிரியா?" என்றார். அதேதான்! "வலி மட்டுப்பட்டுச்சுன்னு எழுதச் சொல்லு" என்று முடித்தும்விட்டார்.

வலிக்குச் சரி. பசிக்கு? சாப்பாட்டுக்கு முன் இரண்டு பிஸ்கட் தின்று சமாளித்தாலும் ஆங்கிலத்தில் இதே தொடர்தான். 'பசியாறினேன்' என்றால் நம் ஊரில் காலைச் சாப்பாடே முடிந்ததாகிவிடும். நேர்முகத் தேர்வுக்கு முன் வரும் படபடப்பு தணிவதற்கும் இதுதான். இதில் வம்பு என்னவென்றால், நல்லது குறைந்தாலும் இதையே சொல்கிறார்கள்: மழை வந்து திருவிழாவின் களை குறைந்தது என்பது போல.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்த் தொடர் உண்டா, இல்லை இடத்துக்கு ஒன்றாக மாற்றித்தான் எழுத வேண்டுமா? பசிக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? அப்புறம், ஆசிரியர்கள் யாராவது இருந்தால், பதற்றத்தில் இருப்பதைச் சொல்லும் 'ஆன் எட்ஜ்' என்பதோடு இது குழம்பாமல் எப்படிச் சொல்லித்தருகிறீர்கள் என்றும் எழுதுங்கள். மகள் இதை எழுதி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமாம்.