நாசிக்கில் மூன்று நாளில் ஐந்து ஒயின் ஆலைகள்: இந்தத் திட்டம் தேறுமா?

கேட்டவர்: திருவான்மியூர்வாசி

வணக்கம். ஜனவரி மாதத் தொடர் விடுமுறையில் நானும் மனைவியும் என் தாயாரும் சென்னையிலிருந்து நாசிக் செல்லவிருக்கிறோம். சனிக்கிழமை காலை விமானத்தில் மும்பையில் இறங்கி, வாடகைக் காரில் நாசிக் சென்று, திங்கட்கிழமை இரவு விமானத்தில் திரும்ப வேண்டும். அம்மாவுக்குத் திரியம்பகேஸ்வரர் தரிசனம் மட்டும் போதும். ஒயின் எங்கள் இருவருடைய ஆசை. சனிக்கிழமை மாலை திரியம்பகம், ஞாயிறன்று திண்டோரியில் ஷாண்டன் ஆலை, இகத்புரிப் பக்கம் குரோவர் ஸம்பா, வல்லோனே ஆலைகள், திங்களன்று நிதானமாக சுலாவும் யார்க்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பயண நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பாதி நாள் காரிலேயே கழியும் போலிருக்கிறது. எதை விடுவது, எதை மாற்றுவது?

பதில்: அண்ணா நகர் அன்பர்

ஐயா, பயண நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை ஜனவரி 26. குடியரசு நாளில் நம் ஊரில் டாஸ்மாக் மூடியிருப்பதைப் போலவே மகாராஷ்டிரத்திலும் டிரை டே, அதாவது மது விற்காத நாள். ஆலைக்குச் சென்றால் கொடியைப் பார்க்கலாம், கோப்பையைப் பார்க்க முடியாது. நீங்கள் ஆசையாக ஒதுக்கி வைத்த சுலாவும் யார்க்கும் அந்த நாளில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பதில்: பெசன்ட் நகர் பயணி

நான் இருமுறை சென்று வந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாசிக் ஆலைகள் ஒரே சாலையில் வரிசையாக இருப்பவை அல்ல. குரோவர் ஸம்பாவும் வல்லோனேயும் மும்பை நெடுஞ்சாலையில் நாசிக்குக்கு முன்பே வரும் இகத்புரி வட்டத்தில் இருக்கின்றன. சுலாவும் யார்க்கும் நகருக்கு மேற்கே, கங்காபூர் அணைப் பக்கம், ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. திண்டோரியோ நகருக்கு வடக்கே. ஒரு நாளுக்கு ஒரு திசை, ஒரு திசையில் இரண்டு ஆலைகள் என்று வைத்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். எனவே சனிக்கிழமை வரும் வழியிலேயே இகத்புரிப் பக்கம் ஓர் ஆலை, ஞாயிறன்று சுலாவும் யார்க்கும், திங்கள் விடியற்காலையில் திரியம்பகம் என்று மாற்றலாம். திண்டோரியை விட்டுவிடுங்கள்.

இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் நாக்குதான். ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு வகைகளைச் சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். பொங்கும் ஒயினில் தொடங்கி, செனின் பிளாங்க், சோவினியோன் பிளாங்க் போன்ற வெள்ளை வகைகளைக் கடந்து, ஷிராஸ், காபர்னே என்று சிவப்பில் முடிப்பார்கள். மூன்றாவது ஆலையில் எல்லாம் ஒன்று போலவே தெரியும். ருசி பார்த்துவிட்டு உமிழ்வதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். நம்மவர்கள் காசு கொடுத்ததை எப்படித் துப்புவது என்று கூச்சப்படுகிறார்கள், கூச்சம் தேவையில்லை. ஓட்டுநருடன் கூடிய காரையே அமர்த்துங்கள்.

மாதத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஐரோப்பாவில் செப்டம்பரை ஒட்டி நடக்கும் அறுவடை, நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது. இங்கே கொடி குளிரில் உறங்குவதில்லை. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக்கான மறு கவாத்து என்று இருமுறை வெட்டி, ஈரமில்லாத குளிர்காலத்தில் பழம் பழுக்குமாறு செய்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை மட்டுமே பார்த்தவர்களுக்கு, ஒயினுக்கான பழம் இவ்வளவு சிறியதா என்று வியப்பாக இருக்கும்.

பதில்: வேளச்சேரி வாசகர்

இவ்வளவு தூரம் எதற்கு? பெங்களூரு அருகே நந்தி மலை அடிவாரத்திலும் குரோவருக்கு ஆலை உண்டு. சென்னையிலிருந்து காரிலேயே செல்லலாம்.

கேட்டவர்: திருவான்மியூர்வாசி

நந்தி மலையில் அம்மாவுக்கு ஜோதிர்லிங்கம் இல்லையே! அனைவருக்கும் நன்றி. புதிய திட்டத்தை அம்மாவிடம் சொன்னபோது, "சாமியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் குடியாடா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். திங்கட்கிழமை சிவனுக்கு உரிய நாள், போதாக்குறைக்கு விடுமுறை. கூட்டமும் தாங்காது என்கிறார். இன்னொரு சந்தேகம்: இரண்டு புட்டிகள் வாங்கி வரலாமா?

பதில்: பெசன்ட் நகர் பயணி

அம்மா சொல்வதே சரி. சனிக்கிழமைக்கு நீங்கள் முதலில் எழுதியதையே வைத்துக்கொள்ளுங்கள். மும்பையிலிருந்து வரும்போது கோட்டி என்ற ஊரில் பிரியும் சாலை நேராகத் திரியம்பகம் செல்கிறது. நாசிக்குக்குள் நுழைய வேண்டியதில்லை. ஞாயிறன்று காலை சுலா, உணவுக்குப் பிறகு யார்க். இரண்டிலும் முன்பதிவு செய்யுங்கள், தொடர் விடுமுறையில் மும்பையே அங்கேதான் இருக்கும். திங்களன்று பஞ்சவடியும் ராம்குண்டமும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் புறப்பட்டால், கசாரா மலைப்பாதை நெரிசலைத் தாண்டியும் விமானத்தைப் பிடிக்கலாம். ஐந்து ஆலைகள் இரண்டாகிவிட்டன என்று வருந்த வேண்டாம்.

புட்டியைப் பொறுத்தவரை, விமான நிறுவனம் பெட்டியில் அனுமதிப்பது வேறு, தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது வேறு. இங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால் கொண்டுவருவது சிக்கலாகலாம். பிடித்ததை ஞாயிறு இரவே அங்கே அருந்திவிடுங்கள். திங்களன்று புட்டி வாங்கவும் முடியாது.